‘ஃபீசிபிலிட்டி கண்டிஷன்’ – ‘ஏற்பு நிபந்தனை’ எனலாமா?

வணக்கம்.

பொதிகளுக்கான வழியைத் திசைவிகள் தமக்குள் அறிவித்துத் தேர்ந்துகொள்ள உதவும் பேபல் நெறிமுறையில், அண்டைத் திசைவி அறிவிக்கும் வழியை ஏற்கலாமா என்று சோதிக்கும் ‘ஃபீசிபிலிட்டி கண்டிஷன்’ என்பதற்கு ‘நம்பக நிபந்தனை’ என்று வந்திருக்கும் முன்மொழிவை ஏற்க வேண்டாம். ‘சாத்தியக்கூறு நிபந்தனை’யும் எதையும் விளக்கவில்லை. பேபலை வரையறுக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 8966 (2021) இதற்குத் தரும் வேலையைப் பாருங்கள்.

ஒரு நுழைவாயிலுக்குப் போகும் வழிக்கு என் கணு (திசைவி) இதுவரை அறிவித்தவற்றில் மிகக் குறைந்த மெட்ரிக், அதாவது வழியின் மொத்தச் செலவு, 300 என்று கொள்வோம். அதே வரிசை எண்ணோடு (அறிவிப்பு எவ்வளவு புதியது என்று காட்டும் எண்) அண்டைக் கணு 250 என்று அறிவித்தால் ஏற்கலாம். 300 என்றால் கூடாது. சமமாக இருப்பது போதாது, குறைந்தே ஆக வேண்டும். என் வழியாகப் போகிற எவருடைய மெட்ரிக்கும் 300-ஐத் தாண்டிவிடும். ஆகவே 250 சொல்லும் கணு என்னைச் சுற்றிக்கொண்டு வரவில்லை என்பது உறுதி. பொதிகள் ஒரே வட்டத்தில் சுற்றும் வழிச்சுழல் இப்படித்தான் தவிர்கிறது.

நிரலில் பிழை நேரும் இடம் ஒன்று உண்டு. அண்டைக் கணுவரை ஆகும் இணைப்புச் செலவு 96-ஐயும் சேர்த்து, 346-ஐ 300-உடன் ஒப்பிட்டுவிடுவார்கள். நல்ல வழி வீணாகத் தள்ளப்படும். ஒப்பிட வேண்டியது அண்டைக் கணு சொன்ன 250-ஐ மட்டுமே. கூட்டுத்தொகை, ஏற்ற வழிகளுள் சிறந்ததைத் தேர்வதற்கு.

இதில் நம்பகம் எங்கே வருகிறது? பொய்யாக 0 என்று அறிவிக்கும் கணுவும் இந்தச் சோதனையில் தேறிவிடும். பிறகு வருகிற பொதிகளையெல்லாம் விழுங்கலாம். ஆர்எஃப்சி 8967-இன் மேக் சரிபார்ப்பு (ரகசியச் சாவியால் உருவாக்கிய குறியீட்டைச் செய்தியோடு சேர்த்துச் சோதிப்பது), அனுப்பியவரிடம் சாவி இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். அவர் சொன்ன எண் மெய்யா என்பது வேறு கேள்வி. ‘நம்பகம்’ என்ற சொல்லை அந்தக் கேள்விக்கே விட்டுவைக்க வேண்டும்.

என் பரிந்துரை: நிபந்தனை ‘ஏற்பு நிபந்தனை’, அந்த 300 ‘ஏற்பு வரம்பு’.

—

> அந்த 300 ‘ஏற்பு வரம்பு’

உடன்படுகிறேன். கூடவே ‘ஸ்டார்வேஷன்’ என்பதற்கும் சொல் வேண்டும். 250 சொன்ன கணு அணைந்து, 300 சொல்லும் கணு மட்டும் மிஞ்சினால், இணைப்பு நன்றாக இருந்தும் வழி கிடைக்காது. அப்போது வரிசை எண் கோரிக்கை கணு கணுவாக நுழைவாயில் வரை போக வேண்டும். அந்த எண்ணை உயர்த்தும் உரிமை நுழைவாயிலுக்கு மட்டுமே. உயர்ந்த எண்ணோடு வரும் அறிவிப்பை, மெட்ரிக் எவ்வளவு இருந்தாலும் ஏற்கலாம். இப்படி ஏற்கத்தக்க வழியின்றி நிற்கும் ‘ஸ்டார்வேஷனை’ ‘வழியறு நிலை’ எனலாம். திசைவியின் திரையில் ‘வழி இல்லை’ என்று மட்டும் காட்டினால் பராமரிப்பவர் ஆன்டெனாவைத் திருப்பத் தொடங்கிவிடுவார். ‘வழி உண்டு, ஏற்பு இல்லை’ என்று தனியாகக் காட்டுங்கள்.