மூணு பேர் ஊர் சுற்ற ஒரு முதுகுப்பை: எத்தனை லிட்டர்?

கேள்வி: அம்மா, அப்பா திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வர்றாங்க. காலையில் பூமலை (பொட்டானிக் கார்டன்ஸ்), மதியம் தேக்கா (லிட்டில் இந்தியா), சாயங்காலம் மரினா பே. ஒரே பை போதுமா?

தெம்பனிஸ்காரர்: போதும். 20 லிட்டருக்கு மேல வேண்டாம், இடம் இருந்தா சாமான் ஏறிக்கிட்டே போகும். தண்ணிதான் பாரம்: ஒரு லிட்டர்னா ஒரு கிலோ. இங்க குழாய்த் தண்ணியே குடிக்கலாம். ஆளுக்கு ஒரு 500 மில்லி பாட்டில் எடுத்து, வழியில நிரப்பிக்கோங்க. கனமானதை முதுகோட ஒட்டி வைங்க, வெளிப்பக்கம் வச்சா பை பின்னால இழுத்துத் தோள் வலிக்கும்.

மழைக்குடைக்காரர்: பைத்துணி நனையாத ரகமா இருந்தாலும் ஜிப், தையல் வழியா மழை இறங்கும். உள்ளே தடித்த பிளாஸ்டிக் பையை விரிச்சு, சாமானை வச்சு, வாயை முறுக்கி மடிச்சு விடுங்க. நனைஞ்ச குடைக்குத் தனிப் பை. பெரியவங்க மாத்திரையை ஜிப் கவர்ல போட்டு மேல் அறையில வைங்க, அடியில போட்டா தேடவே முடியாது.

மரினா பே பக்கம் கிளவுட் ஃபாரஸ்ட்ங்கிற குளிரூட்டின கண்ணாடித் தோட்டத்துக்குப் போனா, அந்தக் குளிர்லேருந்து வெளியே வந்ததும் கேமரா லென்ஸ்ல ஆவி படியும். வெளியே வர்றதுக்கு முன்னாடியே கேமராவைப் பைக்குள்ள மூடி வச்சு, கால் மணி நேரம் கழிச்சு எடுங்க.

தேக்கா அக்கா: காலுறை ரெண்டு ஜோடி சேர்த்துக்கோ தம்பி, மதியம் கோயில் தரை சுடும். ஈரத் துடைப்பான், டிஷ்யூ முன் அறையில. எம்ஆர்டி ரயில்ல பையை முன்னால மாட்டிக்கோ. உள்ளே தண்ணிகூடக் குடிக்கக்கூடாது, அப்பாவை ஸ்டேஷனுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே குடிக்கச் சொல்லு.