கால்பந்தே ஆடாத அப்பா கோச் ஆகலாமா?

சான்ரமோன்_சாம்பார்:
வணக்கம் மக்களே. பையனுக்கு ஒன்பது வயது. இந்த வருடம் ஏஒய்எஸ்ஓ (தன்னார்வலர்களை வைத்து நடக்கிற அமெரிக்கப் பிள்ளைகள் கால்பந்து அமைப்பு) லீக்கில் பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் சேர்த்திருக்கிறோம். நேற்று அவர்களிடமிருந்து ஒரு மெயில்: உங்கள் அணிக்கு கோச் இல்லை, பெற்றோரில் ஒருவர் முன்வராவிட்டால் அணியைக் கலைத்து, இடம் இருக்கிற அணிகளில் பிள்ளைகளைப் போடுவோம், இல்லையென்றால் வெயிட்டிங் லிஸ்ட். கூடப் படிக்கிற இரண்டு பேர் அதே அணியில் இருப்பதால் வீட்டில் ஒரே அழுகை. எனக்கோ கால்பந்து என்றால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை உலகக் கோப்பை பார்ப்பதோடு சரி. ஊரில் ஆடினதெல்லாம் டென்னிஸ் பந்து கிரிக்கெட். ஆஃப்சைடு என்றால் என்ன என்று இப்போதுதான் யூடியூபில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "கையைத் தூக்குப்பா, பார்த்துக்கலாம்" என்கிறார் ஒரு நண்பர், "தெரியாத வேலையில் தலையை விட்டுப் பிள்ளைகளைக் கெடுக்காதே" என்கிறார் இன்னொருவர். எடுக்கலாமா?

வடசென்னை_விங்கர்:
வேண்டாம் ப்ரோ. கோபித்துக்கொள்ளாதீர்கள், நேராகவே சொல்கிறேன். நான் வியாசர்பாடிக்காரன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன்மாரும் பத்துப் பைசா வாங்கவில்லை, ஆனால் அவர்கள் ஆடினவர்கள். விடியற்காலையில் தாங்கள் ஆடி முடித்து, வேர்வை காய்வதற்குள் எங்களைக் கூப்பிடுவார்கள். பந்தை எந்தக் காலில் வாங்கணும், வாங்கும்போது உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கணும் என்று காலாலேயே காட்டுவார்கள். நீங்கள் எதைக் காட்டுவீர்கள், யூடியூபையா? காசு வாங்கவில்லை என்பதற்காகத் தெரியாததைச் செய்யலாம் என்று ஆகிவிடாது.

ஐஸ்லாந்தைப் பாருங்கள். நாட்டின் மொத்த ஜனத்தொகையே நாலு லட்சத்தைத் தொடாது. அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூட ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் உரிமம் பெற்ற, சம்பளம் வாங்குகிற கோச்தான். 2016 யூரோ கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று ஊருக்கு அனுப்பினார்கள், 2018-இல் உலகக் கோப்பைக்கே போனார்கள். இங்கே என்னடாவென்றால் அப்பா கையில் ஒரு விசிலும் பத்து கோனும் கொடுத்தால் கோச். ஒன்பது வயதில் படிகிற தப்பான பழக்கத்தைப் பதினாலில் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்று ஆடினவனுக்குத்தான் தெரியும்.

பிளீசன்டன்_அம்மா:
சான்ரமோன் சார், தயங்காமல் எடுங்கள். நான் மகள் அணிக்கு கோச். பள்ளியில் த்ரோபால் ஆடினதோடு சரி. முதல் வாரம் மைதானத்தில் இறங்கினதும் "ஸ்நாக் லிஸ்ட் போடுகிற அம்மா நீங்கள்தானா?" என்று கேட்டார்கள், அந்தக் கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

விங்கர் தம்பி, ஆடத் தெரிவதும் பிள்ளைகளை ஆட வைப்பதும் ஒன்றில்லை. நான் முன்பு உதவிக்கு நின்ற அணியில் கோச், கல்லூரியில் ஆடினவர். ஆள் கெட்டிக்காரர், பந்து அவர் காலைவிட்டு நகராது. ஆனால் பிராக்டிஸ் என்றால் அத்தனை பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகக் கோலுக்கு அடிக்க வைப்பார். அடித்துவிட்டு வரிசையின் வாலில் போய் நிற்கிற பிள்ளை, தன் முறை மறுபடி வருவதற்குள் புல்லைப் பிடுங்கி முன்னால் நிற்பவன் சட்டைக்குள் போட ஆரம்பித்திருக்கும். அவர் கத்துவார், அது அழும். மணிக்கணக்கில் நின்றும் பந்து காலில் பட்டது சில நிமிடம்தான்.

நான் செய்கிறது இவ்வளவுதான்: ஆளுக்கு ஒரு பந்து, வந்தவர்கள் வந்தவுடன் மூன்று பேருக்கு மூன்று பேர் சின்ன மேட்ச், நடுவில் ஒரே ஒரு விஷயம், கடைசியில் மறுபடியும் மேட்ச். அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் கோச்களுக்குச் சொல்லித்தருகிற முறையே இதுதான், நான் கண்டுபிடித்ததில்லை. இதற்கு மெஸ்ஸி வேண்டாம். சாக்ஸுக்கு உள்ளே போடவேண்டிய ஷின் கார்டை (முன்னங்காலில் அடிபடாமல் காக்கிற தட்டை) சாக்ஸுக்கு மேலே மாட்டிக்கொண்டு வருகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காமல் கழற்றி மாட்டிவிட ஒரு ஆள் வேண்டும்.

அப்புறம், அமெரிக்கப் பெண்கள் அணியோடு 2015, 2019 இரண்டு உலகக் கோப்பையும் ஜெயித்த அலெக்ஸ் மோர்கன் சின்ன வயதில் ஆடினது இதே ஏஒய்எஸ்ஓவில். அவருடைய முதல் கோச்களில் ஒருவர் அவருடைய அப்பா. காசு கட்டிச் சேர்கிற கிளப்புக்குப் போனது பதினாலு வயதில்தான்.

வடசென்னை_விங்கர்:
அக்கா, லாட்டரி அடித்தவரைக் காட்டி எல்லோரையும் சீட்டு வாங்கச் சொல்வது போல இருக்கிறது இது. அப்பா கோச்சிடம் ஆடி, "இது எனக்கு வராது" என்று பதினொரு வயதில் பூட்ஸைக் கழற்றின பிள்ளைகளை யார் எண்ணினார்கள்?

கணக்குப்புலி:
எண்ணியிருக்கிறார்கள். கால்பந்தில் இல்லை, லிட்டில் லீக் என்கிற பிள்ளைகள் பேஸ்பாலில். வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியல்காரர்கள் செய்த ஆய்வு, 1992-இல் வெளியானது. கோச்களில் ஒரு பகுதியினருக்கு சீசனுக்கு முன்னால் இரண்டரை மணி நேர வகுப்பு. அதில் பேட்டைப் பிடிப்பது பற்றியெல்லாம் பாடம் இல்லை, பிள்ளை தப்பு செய்தால் என்ன சொல்லணும், நன்றாகச் செய்தால் என்ன சொல்லணும், இவ்வளவுதான். அடுத்த வருடம் பார்த்தால், வகுப்புக்குப் போகாத கோச்களின் பிள்ளைகளில் 26 சதவீதம் விளையாட்டை விட்டிருந்தார்கள், வகுப்புக்குப் போனவர்களின் பிள்ளைகளில் 5 சதவீதம். ஜெயித்த, தோற்ற கணக்கால் வந்த வித்தியாசம் இல்லை அது. பூட்ஸைக் கழற்ற வைப்பது கோச்சின் கால் இல்லை, வாய்.

ஐஸ்லாந்து சொன்னீர்கள், 2018-இல் அந்த அணியின் கோச்சே பல் டாக்டர். நார்வேயில் சின்னப் பிள்ளைகள் அணிகளைப் பெரும்பாலும் பெற்றோர்தான் சம்பளம் இல்லாமல் நடத்துகிறார்கள், பதினொரு வயது வரை பாயின்ட் டேபிள் போடவே கூடாது என்று விதி. இன்றைய நட்சத்திர ஃபார்வர்ட் எர்லிங் ஹாலண்ட் வந்தது அங்கிருந்துதான்.

வடசென்னை_விங்கர்:
அந்தப் பல் டாக்டர், பல்லும் பார்த்துக்கொண்டு கோச்சிங் உரிமமும் வாங்கினவர். ஹாலண்டின் அப்பா இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆடினவர், அம்மா ஹெப்டத்லான் என்கிற ஏழு போட்டித் தடகள வீராங்கனை. நல்ல உதாரணம் பிடித்தீர்கள் போங்கள்.

ஆய்வைப் பற்றி: அது என் பக்கம்தான் பேசுகிறது. இரண்டரை மணி நேர வகுப்பே இவ்வளவு மாற்றினால், வகுப்பே இல்லாமல் இறங்குகிறவரால் எவ்வளவு கெடும்? நம்ம அப்பாக்களில் எத்தனை பேர் அந்த வகுப்பை உட்கார்ந்து கேட்கிறார்கள், எத்தனை பேர் ஆபீஸ் மீட்டிங் ஒரு பக்கம் ஓட, வீடியோவை ம்யூட்டில் போட்டு "அடுத்து, அடுத்து" என்று அமுக்குகிறார்கள்? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

கணக்குப்புலி:
அது நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை, நானே அப்படித்தான் அலுவலகப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தேன்.

விசில்_மாமா:
நான் இந்தப் பக்கம் ரெஃப்ரியாக நிற்கிறவன், அதுவும் சம்பளம் இல்லாமல்தான். காலுக்கும் வாய்க்கும் சண்டை போடுகிறீர்கள், கேள்வி கேட்ட சான்ரமோனுக்குத் தேவையான விஷயத்தை யாருமே சொல்லவில்லை.

கலிபோர்னியாவில் 2022 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் அமைப்பில் மாதம் 16 மணி நேரத்துக்கு மேலோ வருடம் 32 மணி நேரத்துக்கு மேலோ வேலை செய்கிற பதினெட்டு வயது நிரம்பின தன்னார்வலர் எல்லோரும் கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனையில் தேறணும், பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமையை எப்படிக் கண்டுபிடித்துப் புகார் செய்வது என்ற பயிற்சியும் முடிக்கணும். வாரம் ஒரு பிராக்டிஸ், ஒரு மேட்ச் என்றாலே சீசன் முடிவதற்குள் அந்தக் கணக்குக்குள் வந்துவிடுவீர்கள். இதை ம்யூட்டில் போடாதீர்கள். ஒரு பிள்ளையோடு நீங்கள் மட்டும் தனியாக நிற்கிற நிலைமை வரவே கூடாது, மழை வந்து மற்ற பெற்றோர் கூட்டிக்கொண்டு போய்விட்டாலும் சரி, இன்னொரு பெரியவரை நிற்க வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தலை. பத்து வயது வரை உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது. ஒரு வழக்குக்குப் பிறகு 2015-இல் சம்மேளனம் கொண்டுவந்தது. வேண்டுமென்றே முட்டினால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் கொடுப்பேன், டச்லைனில் நிற்கிற தாத்தா "சபாஷ்டா" என்று கத்தினாலும் கொடுப்பேன். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது, மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது. ஆடத் தெரிந்த கோச்கள்தான் இதில் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள், "நாங்களெல்லாம் அந்தக் காலத்தில்..." என்று. தெரியாதவர்கள் விதியைப் படித்துவிட்டு வருகிறார்கள்.

"ஏதாவது ஆனால் என் மேல் கேஸ் போடுவார்களே" என்று நிறைய பேர் பயப்படுகிறார்கள். லாப நோக்கில்லாத அமைப்புகளில் இருக்கும் தன்னார்வலருக்கு 1997-இல் வந்த மத்தியச் சட்டமே பாதுகாப்பு தருகிறது. சாதாரணக் கவனக்குறைவுக்கு மட்டும். அடிபட்ட பிள்ளையைத் தெரிந்தே இறக்கிவிட்டு அந்தச் சட்டத்தின் பின்னால் ஒளிய முடியாது.

பெயர்_வேண்டாம்:
எல்லோரும் தெரியுமா தெரியாதா என்றே பேசுகிறீர்கள். அப்பா கோச் என்றாலே அவர் பையன்தான் ஃபார்வர்ட், அவர் பையன்தான் பெனால்டி, அதைச் சொல்லுங்கள் முதலில். போன வருடம் எங்கள் அணியில் கோச் பையன் ஒரு மேட்சில்கூட கோல்கீப்பராக நிற்கவில்லை, என் பையன் அந்தப் பெரிய கிளவுஸை மாட்டிக்கொண்டு பாதி சீசன் நின்றான். கேட்டால் "உயரம் இருக்கிறதே" என்று பதில்.

பிளீசன்டன்_அம்மா:
பெயர் வேண்டாம் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. இதற்கு மருந்து காகிதம்தான். மேட்சுக்கு முந்தின நாளே ஆட்டத்தை நாலு பகுதியாகப் பிரித்து, யார் எப்போது எந்த இடம், யார் எப்போது வெளியே என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன், கோல்கீப்பர் முறை உட்பட. முதல் மேட்சில் முதலில் வெளியே உட்கார்வது என் மகள். அவள் முறைத்தாள், மற்ற அம்மாக்கள் அமைதியாகிவிட்டார்கள். ஏஒய்எஸ்ஓ 1964-இல் கலிபோர்னியாவின் டாரன்ஸில் ஆரம்பித்தபோதிருந்தே அவர்கள் கொள்கை எல்லோரும் ஆடணும் என்பது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மேட்சிலும் குறைந்தது பாதி நேரம். அந்தப் பாதியைக் காகிதத்தில் காட்டினால் பேச்சு இல்லை.

வடசென்னை_விங்கர்:
அந்தப் பாதி நேரத்தில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். ஓடவே பிடிக்காமல், அப்பா தள்ளிவிட்டதால் வந்த பையனும் பாதி, வீட்டுச் சுவரில் தினமும் பந்தடித்துவிட்டு வருகிற பெண்ணும் பாதி. கடைசி மேட்சில், 1-1 என்று இருக்கும்போது, அந்தப் பெண்ணை வெளியே கூப்பிட்டால் அவள் எதைக் கற்றுக்கொள்வாள்? உழைத்தாலும் ஒன்றுதான், உழைக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று.

பிளீசன்டன்_அம்மா:
பாதி என்பது குறைந்தபட்சம் தம்பி, உச்சவரம்பு இல்லை. ஆள் குறைவான அன்றைக்கு அவள் கூடுதலாக ஆடுவாள். ஒன்பது வயதில் 1-1 என்பது யாருக்கு முக்கியம்? உங்களுக்கு. பிள்ளைகள் மேட்ச் முடிந்து ஆரஞ்சுத் துண்டு சாப்பிடும்போது ஸ்கோர் என்ன என்று என்னையே கேட்கிறார்கள். அந்த ஓடாத பையன் வெளியே உட்கார்ந்து ஓடக் கற்றுக்கொள்வானா?

வடசென்னை_விங்கர்:
சில பிள்ளைகளுக்கு ஸ்கோர் முக்கியம் அக்கா. எனக்கு ஒன்பது வயதில் அது மட்டும்தான் முக்கியமாக இருந்தது. அந்தப் பிள்ளைகளை ஏன் ஏதோ வியாதி வந்தவர்கள் மாதிரி பேசுகிறீர்கள்?

பெயர்_வேண்டாம்:
அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கிளப் இருக்கிறதே என்பீர்கள். சேர்த்துப் பார்த்தோம். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர், அதற்கு மேல் யூனிஃபார்ம், வெளியூர் டோர்னமென்ட், ஓட்டல் ரூம். உரிமம் வாங்கின கோச்தான். பெரியவளை பெஞ்சில் உட்கார வைத்தார், பெயர்கூட சரியாகச் சொல்லத் தெரியாது. இங்கே அப்பா கோச் பாரபட்சம் பார்த்தார், அங்கே யாருமே அவளைப் பார்க்கவில்லை. எனக்கு இரண்டுமே வேண்டாம், பூங்காவில் பந்தைப் போட்டுவிட்டு நான் பெஞ்சில் உட்காரப்போகிறேன்.

விசில்_மாமா:
பூங்காவுக்கு வந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். விசில் எடுத்துவர மாட்டேன்.

விங்கர் தம்பி, ஒரு கேள்வி. இவ்வளவு தெரிந்த நீங்கள் எந்த அணிக்கு கோச்?

வடசென்னை_விங்கர்:
எனக்குக் கல்யாணமே ஆகவில்லை மாமா.

விசில்_மாமா:
பிள்ளை இருக்கணும் என்று எந்த லீக்கும் கேட்பதில்லை. கைரேகைதான் கேட்கிறார்கள்.

வடசென்னை_விங்கர்:
ஷிஃப்ட் வேலை. வியாழன் மாலை ஒத்துவராது. கிண்டல் வேண்டாம், நான் சொன்னது தப்பு என்று இதுவரை யாரும் காட்டவில்லை. பத்து வயது வரை பிளீசன்டன் அக்கா முறை ஓடும், ஒத்துக்கொள்கிறேன். ஆளுக்கொரு பந்து, வரிசை வேண்டாம், அது சரி. பன்னிரண்டில் ஒன்பது பேருக்கு ஒன்பது பேர் என்று மைதானம் பெரிதாகும், அங்கே பந்து இல்லாதவன் எங்கே நிற்கணும் என்று சொல்லத் தெரியணும். அப்போது ஆடின ஒருத்தர் பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளைகள் பந்தை முன்னால் உதைத்துவிட்டுத் துரத்துவதையே கால்பந்து என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் நான் இறங்கிவரப் போவதில்லை.

சான்ரமோன்_சாம்பார்:
எல்லோருக்கும் நன்றி. லீக்குக்குப் பதில் போட்டுவிட்டேன், இந்த சீசன் எடுக்கிறேன், அடுத்ததைப் பற்றி இப்போது பேச்சில்லை. விங்கர் ப்ரோ சொன்னது உறுத்தியதால் பக்கத்துத் தெருவில் ஹைஸ்கூல் அணியில் ஆடுகிற பெண்ணை உதவிக்குக் கேட்டேன், அவளுக்கும் சமூக சேவை மணிக்கணக்கு தேவைப்படுகிறதாம், வருகிறேன் என்றாள். காலால் காட்டுவது அவள், வாயால் பேசுவது நான். கைரேகைக்கு சனிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: பந்து நாங்கள் வாங்கணுமா, லீக் கொடுக்குமா?

விசில்_மாமா:
எங்கள் பக்கம் அணிக்குச் சில பந்து, கோன், சட்டைக்கு மேல் போடுகிற பின்னி எல்லாம் ஒரு பையில் கொடுப்பார்கள், உங்கள் வட்டாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளை ஆளுக்கொரு பந்து கொண்டுவரச் சொல்லுங்கள், 4-ஆம் நம்பர் சைஸ். 5 வாங்கிக்கொண்டு யாராவது வருவார்கள், திருப்பி அனுப்புங்கள். அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் அவளைப் பெரியவர் கணக்கில் சேர்க்க முடியாது, பிள்ளைகளை அவள் பொறுப்பில் விட்டுவிட்டு நீங்கள் ஆபீஸ் கால் பேசப் போய்விடாதீர்கள். அணியிலிருந்து இன்னொரு அப்பாவையோ அம்மாவையோ உதவி கோச்சாகப் பதிவு செய்ய வையுங்கள், அவருக்கும் கைரேகை உண்டு.