மைதானம் வாடகைக்கு: குடும்பக் குழுவில் பேசியது

நான்: வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம். கோடை விடுமுறையில் பொருட்காட்சி போட மைதானத்தை 30 நாள் கேட்கிறார்கள். பெற்றோர் சார்பில் நான் பேச வேண்டும். நீங்கள் எல்லாரும் அங்கே ஓடி ஆடியவர்கள், என்ன சொல்லட்டும்?

மாமா: கொடுக்கச் சொல்லும்மா. வாடகைப் பணத்தில் கழிப்பறையாவது சரியாகும். கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சியே பள்ளி மைதானத்தில் நடந்ததுதானே.

பெரியப்பா: கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை மாப்பிள்ளை. பாரதக் கூத்து அங்கேதான் நடக்கிறது. 2020 ஊரடங்கில் காய்கறிச் சந்தையே அங்கேதான் வந்தது, டிராக் போட வைத்திருந்த சுண்ணாம்புத் தூளை எடுத்துத்தான் சனங்கள் தள்ளி நிற்கக் கட்டம் போட்டார்கள். ஆனால் டிராக் மேல் லாரி ஏறக் கூடாது.

தம்பி: மண் டிராக்தானே பெரியப்பா, மறுபடி கோடு போட்டால் ஆகாதா?

பெரியப்பா: கோடு அரை நாள் வேலைடா, தரை அப்படியில்லை. டயர் பதிந்த பள்ளம் மழையில் சேறாகி, வெயிலில் கல் மாதிரி இறுகிவிடும், வளைவில் முழு வேகத்தில் வருகிற பிள்ளைக்குக் கணுக்கால் பிசகுவது அங்கேதான். அப்புறம் இரண்டு பக்க அரைவட்டத்துக்கும் நடுவில் ஒவ்வொரு இரும்புக் கம்பி அடித்துப் புதைத்திருக்கிறோம். அதில் கயிறு கட்டி இழுத்துத்தான் வளைவு போடுவது. பந்தல்காரர்கள் அதைப் பிடுங்கிவிட்டால் முழுசையும் முதலிலிருந்து அளக்க வேண்டும்.

தம்பி: வெளிப்பாதையில் ஓடுகிறவரை முன்னால் நிறுத்துவதும் அந்த அளவை வைத்துத்தானா?

பெரியப்பா: ஆமாம். பெரிய போட்டி நடக்கிற 400 மீட்டர் டிராக்கில் ஒரு பாதை 1.22 மீட்டர் அகலம், ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாம் பாதைக்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்பார். வளைவு ஒரு சாண் தப்பினால் கணக்கு மொத்தமும் தப்பும்.

அத்தை: அண்ணா, எங்கள் கோ-கோ கம்பத்தையும் சொல்லுங்கள். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முன்னால் மாவட்டப் போட்டி என்றால் எங்களுக்குத் தருமபுரிதான், விடியற்காலை பஸ். அவ்வளவு தூரம் போனதே சாயங்காலம் இந்த மைதானம் திறந்திருந்ததால்தான். வேறு எங்கே விளையாடப் போகிறேன் என்றாலும் வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள், பள்ளி என்றால் மட்டும் சரி என்றார்கள். இப்போதும் நிறைய வீட்டில் அப்படித்தான். 30 நாள் மூடினால் அந்தப் பெண் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

தம்பி: போலீஸ் வேலைக்குப் பயிற்சி எடுக்கிற பசங்களும்தான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், நம் 200 மீட்டர் டிராக்கில் ஏழரைச் சுற்று. இருட்டு விலகுவதற்குள் வந்துவிடுகிறார்கள். இங்கே பூட்டினால் பைபாஸ் ஓரம்தான் ஓடுவார்கள், லாரி போகிற ரோடு அது.

மாமா: அது நியாயம்தான். அதற்காக வாடகையை விட்டுவிட முடியுமா?

நான்: விட வேண்டாம் மாமா. 10 நாள் மட்டும், கடை எல்லாம் மேடைப் பக்கம், லாரி பின் கேட் வழியாக. காலை 8 மணி வரை, சாயங்காலம் 4 முதல் 6 வரை டிராக் பிள்ளைகளுக்கு. ஆணி பொறுக்கி, ரோலர் போட்டுக் கொடுத்த பிறகுதான் முன்பணம் திரும்பும். சரியா?

அத்தை: கோ-கோ கம்பத்தைத் தொடக் கூடாது என்றும் சேர்.

பெரியப்பா: சரி. வியாழன் சாயங்காலம் வருகிறேன், கம்பி இருக்கிற இடத்தை அளந்து காட்டுகிறேன், வரைபடமாகக் கொடுத்துவிடு. விளையாட்டு அறையில் 50 மீட்டர் டேப் இருக்கும், கேட்டு வாங்கி வை.

மாமா: ரோலருக்கு ஆள் நான் பார்க்கிறேன்.