பழைய 5.0 மஸ்டாங்கில் நைட்ரஸ் கிட்: 100 ஜெட்டைத் தாங்குமா?

ஃபாக்ஸ்90 (கேள்வி):
வணக்கம். என்னிடம் 1990 மஸ்டாங் எல்எக்ஸ் 5.0 இருக்கிறது, ஐந்து கியர் மேனுவல். எத்தனை கை மாறி வந்தது என்று எனக்கே தெரியாது. இன்ஜினை யாரும் பிரித்த அடையாளம் இல்லை. எண்ணெய் குடிப்பதில்லை, புகையும் இல்லை. ஒரு நண்பர் தன் காரிலிருந்து கழற்றிய வெட் கிட் (நைட்ரஸ் ஆக்சைடோடு பெட்ரோலையும் சேர்த்துப் பாய்ச்சுவது) ஒன்றைக் கொடுத்தார். 10 பவுண்டு பாட்டில், இரண்டு சொலினாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு), ஒரு நாசில், 75, 100, 125 எச்பி ஜெட்டுகள் (பாயும் அளவைக் கட்டுப்படுத்தும் துளைகள்). டிராக்கில் கால் மைல் ஓட்ட மட்டும்தான், சாலையில் பாட்டில் காரிலேயே இருக்காது.

நேராக 100 ஜெட் போடலாமா? பிஸ்டன் தாங்குமா? பிளக்கைத் தவிர வேறு என்ன மாற்ற வேண்டும்? கார்புரேட்டர் காலத்து ஆலோசனைதான் எங்கும் கிடைக்கிறது, அதனால் கேட்கிறேன்.

ரிங்கேப்:
1992 வரை அந்த இன்ஜினில் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய, வலுவான) பிஸ்டன்தான் வந்தது. 100-க்குத் தாங்கும். ஆனால் முதலில் 75. அதற்கும் முன்னால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டர் அழுத்தச் சோதனை. எட்டு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கிட்டைப் பெட்டியிலேயே வையுங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்த வகை (சூட்டை வேகமாக வெளியேற்றுவது), இடைவெளி 0.9 மி.மீ.

இருமுறைபிரித்தவன்:
ரிங்கேப் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் கேள்வி பிஸ்டனைப் பற்றியே போகிறது, எனக்கு அதுதான் உறுத்துகிறது. என்னுடையது 1991, உங்களுடைய அதே இன்ஜின். அதை நான் இரண்டு முறை பிரித்தேன், இரண்டாவது முறை நைட்ரஸால். பிஸ்டன் பலவீனமாக இருந்ததால் இல்லை, ஒரு எர்த் கம்பியால்.

கிட்டை ஒரு பட்டறையில் பொருத்தக் கொடுத்திருந்தேன். நைட்ரஸ் சொலினாய்டின் எர்த்தை பேட்டரி வரை இழுத்தவர்கள், பெட்ரோல் சொலினாய்டின் எர்த்தை மட்டும் ஃபெண்டரில் பெயின்டைச் சுரண்டாமல் போல்ட் போட்டு முறுக்கிவிட்டார்கள். நான்கு ஓட்டம் நன்றாகப் போனது. ஐந்தாவதில் மூன்றாவது கியர் விழுந்ததும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். காலை எடுப்பதற்குள் இரண்டு நொடி கூட ஆகியிருக்காது. நைட்ரஸ் உள்ளே போனது, அதற்கான பெட்ரோல் போகவில்லை. ஏழாவது பிளக்கைக் கழற்றினால் நுனிக் கொம்பே இல்லை. வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியது போலச் சின்னச் சின்ன மினுங்கல். அது அலுமினியம், அதாவது என் பிஸ்டன்.

காரில் பெட்ரோல் பிரஷர் ஸ்விட்ச் இருந்ததே என்பீர்கள். இருந்தது. அது ரெயிலின், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயின், அழுத்தத்தைத்தான் பார்க்கிறது. ரெயிலில் அழுத்தம் சரியாகவே இருந்தது, சொலினாய்டுதான் திறக்கவில்லை. இப்போது இரண்டு சொலினாய்டுக்கும் ஒரே ரிலே, ஒரே எர்த் முனை வைத்திருக்கிறேன். அந்த எர்த் போனால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் பாட்டிலை மூடி, ரெயில் அழுத்தத்தை இறக்கிவிட்டு, இரண்டு சொலினாய்டிலும் விரலை வைத்து 'டக்' என்று அடிக்கிறதா பார்க்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

சரி, உங்கள் காருக்கு வருகிறேன். நைட்ரஸ் தானாக எரிகிற பொருள் இல்லை. சூட்டில் பிரிந்து ஆக்சிஜனைத் தருகிறது, அவ்வளவுதான். எடையில் அதில் 36 சதவீதம் ஆக்சிஜன், காற்றில் 23. அந்தக் கூடுதலுக்கு ஏற்ற பெட்ரோல் போய்ச் சேர்ந்தால் பலம், சேராவிட்டால் என் ஏழாவது சிலிண்டர். பழைய காரில் முதலில் தேய்ந்திருப்பது பெட்ரோல் பக்கமும் மின்சாரப் பக்கமும்தான். கம்பெனி பம்ப் மணிக்கு 88 லிட்டர், அதுவும் புதிதாக இருந்தபோது. பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டரின் வாக்யூம் குழாயைக் கழற்றினால் 39 பிஎஸ்ஐ வரவேண்டும், முழுத் திராட்டிலில் இழுக்கும்போதும் அது அசையக் கூடாது. கேஜைக் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டிக்கொண்டு நைட்ரஸ் இல்லாமல் ஒரு ஓட்டம் போய்ப் பாருங்கள். என் காரில் மேல் ஆர்பிஎம்மில் 33-க்கு இறங்கியது. 155 லிட்டர் பம்ப் போட்டேன்.

பம்ப் மட்டும் மாற்றிப் பயனில்லை, அதற்கு வோல்டேஜ் வேண்டும். உங்கள் ஆண்டில் வந்த ஆல்டர்னேட்டர் 75 ஆம்பியர்தான், அதன் கம்பி இணைப்பு சூட்டில் உருகுவதும் பழைய கதை. விளக்கு, ஃபேன், பாட்டில் ஹீட்டர், இரண்டு சொலினாய்டு எல்லாம் சேர்ந்து இழுத்தால் பம்ப் மெல்லச் சுற்றும். 1994 மஸ்டாங்கில் வந்த 130 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைப் பலர் இதில் போடுகிறார்கள், நானும் போட்டேன். தடிமனான சார்ஜ் கம்பியும் சேர்த்து.

டைமிங்கிலும், அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரத்திலும், ஒரு கண்ணி இருக்கிறது. 50 எச்பிக்கு 2 டிகிரி குறைக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு, 100-க்கு 4. எதிலிருந்து 4? கம்பெனி அளவு 10 டிகிரி, ஸ்பவுட் பிளக்கை (கம்ப்யூட்டர் டைமிங்கை மாற்றும் கம்பியின் இணைப்பு) கழற்றிவிட்டுப் பார்த்தால். முன்பு வைத்திருந்த யாரோ 14-க்கு ஏற்றியிருக்கலாம், இந்தக் காரில் அது சகஜம். அதைவிட மோசம், கிராங்க் டாம்பரின் (கிராங்க் முனையில் அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) வெளி வளையம் பழைய ரப்பரில் வழுக்கி நகர்ந்திருந்தால் அதிலுள்ள டைமிங் குறியே பொய் சொல்லும். பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் என்ற கருவியை வைத்து, பிஸ்டன் உச்சிக்கு வரும் உண்மையான மேல் புள்ளியை ஒரு முறை சரிபாருங்கள்.

ஃபாக்ஸ்90:
இவ்வளவு விவரத்துக்கு நன்றி அண்ணா. இரண்டு சந்தேகம். 2,000 ஆர்பிஎம்மிலேயே பட்டனை அழுத்தினால் கிளம்பும்போதே பாயும் என்கிறான் கிட் கொடுத்த நண்பன். சரியா? அப்புறம், பாட்டிலை வெயிலில் வைத்தால் ஹீட்டர் செலவு மிச்சம் என்றும் சொன்னான்.

இருமுறைபிரித்தவன்:
அந்த நண்பர் தன் காரிலிருந்து கிட்டைக் கழற்றியதற்கு என்ன காரணம் என்று கேட்டீர்களா தம்பி?

ஜெட் வழியே நொடிக்கு இவ்வளவு என்று ஒரே சீராகத்தான் நைட்ரஸ் வரும். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒவ்வொரு முறையும் அதிகமாக விழுங்கும். 100 எச்பி என்பது 5,000 ஆர்பிஎம்மில் 105 பவுண்டு-அடி கூடுதல் டார்க், 3,000-ல் 175, 2,000-ல் 260-க்கு மேல். இன்ஜினின் சொந்த டார்க் 300. உங்கள் டி5 கியர்பாக்ஸின் தாங்கும் அளவும் அதே 300. மூன்றாவது கியர் பல்லைத் தரையில் பொறுக்க வேண்டியிருக்கும். அதோடு மெதுவான காற்றில் பெட்ரோல் அந்த நீண்ட மேனிஃபோல்டில் குட்டையாகத் தேங்கும், ஒரு பின்வெடிப்பு வந்தால் மேல் பாகமே பிளந்துவிடும். முழுத் திராட்டில் ஸ்விட்சும் ஆர்பிஎம் விண்டோ ஸ்விட்சும் போடுங்கள். 3,200-ல் திறந்து 5,500-ல் மூடட்டும். ரெவ் லிமிட்டர் தொடும்போது நைட்ரஸ் ஓடிக்கொண்டிருக்கவே கூடாது.

வெயில் யோசனை வேண்டாம். 36.4 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்றே இருக்காது, அழுத்தம் 1,050 பிஎஸ்ஐக்கு மேல் கிடுகிடுவென்று ஏறும். ஜெட் அட்டவணை 900 முதல் 950 வரைக்குத்தான். அழுத்தம் கூடினால் நைட்ரஸ் கூடும், பெட்ரோல் கூடாது. குளிர்ந்த பாட்டிலாவது பரவாயில்லை, பெட்ரோல் மிஞ்சிக் கார் மந்தமாகப் போகும், உடையாது. தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டரும் ஒரு கேஜும் வாங்குங்கள்.

ரிங்கேப்:
பாட்டிலைப் பொருத்தும்போது வால்வு காரின் முன்பக்கம் பார்க்கட்டும், லேபிள் மேலே. உள்ளே இருக்கும் குழாய் பின் அடிப்பக்கமாக வளைந்திருக்கும், கார் பாயும்போது திரவம் அங்கேதான் போய்ச் சேரும். தலைகீழாகப் பொருத்தி வாயுவை மட்டும் உறிஞ்சிக்கொண்டு 'கிட் வேலை செய்யவில்லை' என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுத்தம் மிஞ்சினால் உடையும் பாதுகாப்புத் தட்டின் வெளியேற்றுக் குழாயும் காருக்கு வெளியே போக வேண்டும், டிக்கிக்குள் இல்லை.

ஃபாக்ஸ்90:
இன்று பார்த்தேன். கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, எட்டும் 150-க்கும் 158-க்கும் நடுவில். பெட்ரோல் அழுத்தம் 5,000-ல் 35. விளக்கும் ஃபேனும் போட்டால் பம்ப் முனையில் 11.7 வோல்ட். டைமிங் 14-ல் இருந்தது. நண்பனிடம் கேட்டேன், அவன் ஹெட் கேஸ்கெட் போனதால்தான் கழற்றினானாம். கிட் பெட்டிக்குள் போய்விட்டது. முதலில் ஆல்டர்னேட்டர், அப்புறம் பம்ப். டாம்பரை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.