ஸ்டார்ட்டர் போர்டுக்கு பிசிபி (பார்ட்ஸ் ஏத்தாத வெறும் சர்க்யூட் போர்டு) சைனால அடிக்கறதா, இங்கயே அடிக்கறதா?

கணபதி ஸ்டார்ட்டர்:
வணக்கமுங்க. கோயமுத்தூர் கணபதில சின்னதா பட்டறை வெச்சு போர்வெல் மோட்டாருக்கு த்ரீ பேஸ் கண்ட்ரோலர் பண்றமுங்க, ட்ரை ரன் (தண்ணியில்லாம ஓடறது), சிங்கிள் பேஸிங் (ஒரு பேஸ் போயிடறது), லோ வோல்டேஜ் எல்லாம் பாத்து மோட்டார நிறுத்துற போர்டு. இத்தன நாளா சிங்கிள் சைடு போர்டு லோக்கல்ல வாங்கி கையிலயே சால்டர் பண்ணிட்டிருந்தோம், இப்ப ரெண்டு பக்கமும் காப்பர் இருக்கற டபுள் சைடு, பாதி எஸ்எம்டி (ஓட்டை இல்லாம போர்டு மேலயே ஒட்டற குட்டி பார்ட்ஸ்)னு டிசைன மாத்தியாச்சு. மாசம் 300 போர்டு வேணும், சீசன்ல இன்னும் எச்சா ஆவும். சைனா வெப்சைட்ல கெர்பர் ஃபைல (போர்டோட வரைபட ஃபைல்) ஏத்துனா அப்பவே ரேட்டு வருது, பெங்களூர்ல கேட்டா அதவிட மூணுல ஒரு பங்கு எச்சா சொல்றாங்க, டூலிங் சார்ஜ் (புது டிசைனுக்கு ஃபிலிம், செட்டிங் பண்ற செலவு) வேற தனி. என்ற மனசு இங்கயே பண்ணோணும்னுதான் சொல்லுது, பார்ட்னர் ரேட்ட காட்டி எதுக்குங்கறாரு. நெசமா ரெண்டு பக்கமும் வாங்கிப் பாத்தவங்க சொல்லுங்க.

பீளமேட்டுக்காரன்:
பார்ட்னர் பாக்கறது வெப்சைட் ரேட்டுங்கண்ணா, போர்டு உங்க பட்டறைல வந்து எறங்கற ரேட்ட போட்டுப் பாக்கச் சொல்லுங்க. சைனா, ஹாங்காங்ல இருந்து வர்ற வெறும் போர்டுக்கு, 6 லேயர் (காப்பர் அடுக்கு) வரைக்கும், 2024-ல ஆன்டி டம்பிங் டியூட்டி (வெளிநாட்டுச் சரக்கு அடிமாட்டு ரேட்டுல வர்றதுக்கு மேல போடற கூடுதல் வரி) போட்டுட்டாங்க, உங்க டபுள் சைடு அதுக்குள்ள வந்துரும். யாரு தயாரிச்ச போர்டுங்கறத பொறுத்து சதவீதம் மாறுது, அதனால ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே கஸ்டம்ஸ் ஏஜென்ட்ட கேட்டுக்கோங்க. இறக்குமதிக்கு கட்டற ஐஜிஎஸ்டிய கிரெடிட்ல எடுத்துக்கலாம், அதுக்கும் பில் ஆஃப் என்ட்ரில (கஸ்டம்ஸ்ல குடுக்கற இறக்குமதி பில்) உங்க ஜிஎஸ்டி நம்பர் ஏறியிருக்கோணும், ஆன்டி டம்பிங் டியூட்டிய மட்டும் எடுக்கவே முடியாது, அது முழுசா செலவுதான்.

இன்னொண்ணு, அங்க முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டோணும். இங்க நாலு ஆர்டர் ஒழுங்கா பணம் குடுத்துட்டா 30 நாள் கடன் குடுக்கறாங்க. நம்மள மாதிரி பட்டறைக்கு அதுவே பெரிய காசுங்க. டூலிங் சார்ஜ் ஒருக்காத்தான், ரிப்பீட் ஆர்டருக்கு வராது.

சூலூர் எஸ்எம்டி:
நான் அசெம்பிளி லைன்ல இருக்கறவன், எல்லா ஊரு போர்டும் என்ற கையில வருது. ரேட்டு ஒருபக்கம் கெடக்கட்டுமுங்க, நீங்க விக்கறது போர்வெல் ஸ்டார்ட்டர், உங்க சீசன் மார்ச்சுல ஆரம்பிச்சு மே வரைக்கும், கெணத்துல தண்ணி கீழ போவப் போவ மோட்டார் ட்ரை ரன் ஆவும், கடைக்காரரு டெய்லி போன் பண்ணுவாரு. சைனாக்காரங்க புத்தாண்டு ஜனவரி கடைசிலயோ பிப்ரவரிலயோ வரும், அதுக்கு அக்கட்டயும் இக்கட்டயும் சேத்து வாரக்கணக்குல ஃபேக்டரிய மூடிருவாங்க, நீங்க சரக்கு சேத்து வெக்க வேண்டிய நேரமே அதுதான். 2020-ல அந்த லீவோட கொரோனாவும் சேந்து வந்தப்ப போர்டு இல்லாம எத்தன பட்டறை சும்மா கெடந்துச்சுனு இந்த ஏரியால எல்லாருக்கும் தெரியும்.

பொறவு டிசைன். 415 வோல்ட் வர்ற எடத்துல பேஸுக்கும் பேஸுக்கும் நடுவுல போர்டுலயே ஸ்லாட் வெட்டச் சொல்லுங்க. தோட்டத்து மோட்டார் ரூம்ல டப்பாவுக்குள்ள எறும்பு கூடு வெக்கும், பல்லி பூந்து ரெண்டு டெர்மினல்லயும் கால வெச்சு கருகிக் கெடக்கும், மழைக்காலத்துல தூசி மேல ஈரம் ஏறுனா அந்த வழியாவே கரண்ட் ஓடி போர்டு கரியாவும். ஸ்லாட் இருந்தா கரண்ட் ஊர்ந்து போற தூரம் எச்சாவும். ரிலே ட்ராக்குக்கு 35 மைக்ரான் காப்பர் பத்தலைன்னா 70 மைக்ரான் கேளுங்க. இதையெல்லாம் பெங்களூர்ல சிஏஎம் பாக்கற (நம்ம ஃபைல மெஷினுக்கு தயார் பண்ற) பையன்கிட்ட போன்ல பேசலாம், "இந்த ஸ்லாட் ரொம்ப ஒல்லியா இருக்குதுங்க சார், ரூட்டர் பிட் (வெட்டற பிட்) போவாது, சித்த அகலமா வரைங்க"ம்பான், அப்பவே மாத்தி அனுப்பிறலாம். அவசரம்னா ராத்திரி பஸ் ஏறி காலைல ஃபேக்டரிலயே போயி நின்னுக்கலாம்.

பெருந்துறை எம்பெடட்:
அண்ணா சொல்றது சரிதான், ஆனா மனசுக்காக மட்டும் வாங்காதீங்கண்ணா. நான் சென்சார் போர்டு டிசைன் பண்றேன், 4 லேயர்ல சாம்பிள் அஞ்சு பீஸ் வேணும்னா இப்பவும் சைனாலதான் போடறேன், அந்த ரேட்டுல இங்க கெடைக்கறதில்ல. இந்தியால அடிக்கற போர்டுக்கும் காப்பர் கிளாட் லேமினேட் (காப்பர் ஒட்டுன மூலப் பலகை) பெரும்பாலும் வெளிய இருந்துதான் வருது. 2025-ல சென்ட்ரல் கவர்மென்ட் காம்போனன்ட் தயாரிப்புக்குனு 22,919 கோடி ஸ்கீம் போட்டாங்க, நம்ம ஸ்டேட்டும் அதோட சேத்து ஒண்ணு அறிவிச்சுது, அதெல்லாம் ஃபேக்டரியா நின்னு லேமினேட் இங்கயே வரட்டும், எனக்கும் ஆசைதான்.

இங்க ஃபேப்புக்கு ஃபேப் (போர்டு அடிக்கற ஃபேக்டரி) குவாலிட்டி மாறுது, அதான் என்ற பயம். ஒரு எடத்துல எலக்ட்ரிகல் டெஸ்ட்டுக்கு தனியா காசு கேட்டாங்க, வேண்டாம்னு விட்டா உள்ள ட்ராக் கட்டான போர்டும் அப்படியே பேக் ஆயி வந்துரும். கோட்டேஷன்லயே டெஸ்ட்டோட சேத்து எழுதி வாங்குங்க.

சூலூர் எஸ்எம்டி:
அம்மணி சொன்னத அப்படியே ஒத்துக்கறனுங்க. போர்டு வந்ததும் லென்ஸ் வெச்சு ட்ரில் ஓட்டைய பாருங்க, ஓட்டை பேடுக்கு (சால்டர் பிடிக்கற காப்பர் வட்டம்) நட்டநடுவுல இருந்து சுத்தி காப்பர் வளையம் ஒரே சீரா தெரியோணும், ஒரு பக்கம் நூலாட்டம் மெலிஞ்சிருந்தா அந்த லாட்ட திருப்பி விட்டுருங்க. ரிலே மாதிரி கனமான பார்ட்ஸ் நிக்கறது அந்த ஓட்டைக்குள்ள இருக்கற காப்பர் பிளேட்டிங்லதான். பக்கத்துல இருக்கற ஃபேப்புனா திருப்பி விடறது ஒரு பார்சலோட முடிஞ்சுது, சைனாக்கு திருப்பி அனுப்பி மாத்தி வாங்குனவங்கள நான் பாத்ததில்ல, ஃபோட்டோ அனுப்பி கூப்பன் வாங்குனவங்கதான் எச்சு.

கணபதி ஸ்டார்ட்டர்:
ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். டியூட்டி, கூரியர், முன்பணத்துக்கு வட்டி எல்லாம் போட்டு பார்ட்னரோட உக்காந்து கணக்கு பாத்தமுங்க, அந்த மூணுல ஒரு பங்கு வித்தியாசத்துல பெரும்பகுதி காணாம போச்சு, மிச்சத்துக்கு அவரும் ஒத்துக்கிட்டாரு. ஸ்லாட்ட அகலமாக்கி, 70 மைக்ரான்ல, டெஸ்ட்டோட சேத்து பெங்களூர்லயே 50 போர்டு சாம்பிளுக்கு சொல்லியாச்சு. சூலூரண்ணா, பேனல்ல (பல போர்டு சேந்த ஒரே தகடு) எத்தன போர்டு வெச்சா உங்க மெஷினுக்கு தோதாவும்? கெர்பர இன்னும் அனுப்பல, நீங்க சொன்னதும் பேனல் போட்டு அனுப்பறேன்.

சூலூர் எஸ்எம்டி:
போர்டு அளவு சொல்லுங்க. ரெண்டு ஓரத்துலயும் 5 எம்எம் பட்டை விடுங்க, மூணு மூலைல ஃபிடூசியல் (மெஷின் எடம் பாக்கற குறி) வைங்க, ரிலே பக்கமா வி-கட் (போர்ட ஒடச்சு பிரிக்கற கோடு) போடாதீங்க, ஒடைக்கறப்ப சால்டர் விரிசல் உடும்.