பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்: முகங்கள் குழம்புவது எனக்கு மட்டும்தானா?

கேள்வி: இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க வீரர்களைப் பற்றி 2001-இல் வந்த இந்தத் தொலைக்காட்சித் தொடரில் மூன்று பகுதிகள் முடித்துவிட்டேன். எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே ஹெல்மெட், முகமெல்லாம் சேறு. செத்தது யார் என்றே தெரியாமல் எப்படி அழுவது? மொத்தம் 10 பகுதிகள். தொடரலாமா?

பதில் 1: ஆறாவது வரை பொறுங்கள். பெல்ஜியத்தின் பாஸ்டோன் பனிக்காட்டில் மருத்துவ உதவியாளர் வலி மருந்தான மார்ஃபினுக்கும் ஒரு கத்தரிக்கோலுக்கும் பதுங்குகுழி பதுங்குகுழியாக அலைவார். எந்தச் சண்டைக் காட்சியும் என்னை இவ்வளவு உலுக்கவில்லை.

பதில் 2: எனக்கு ஒப்பவில்லை. எல்லாமே அமெரிக்கர் கண் வழியாகத்தான். ஒன்பதாவதில் வரும் வதைமுகாம் மட்டும் விதிவிலக்கு. அன்று தூக்கமே வரவில்லை.

பதில் 3: தொடக்கத்தில் பேசும் முதியவர்களைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். நிஜ வீரர்கள் அவர்கள். பெயர்கள் கடைசிப் பகுதியில்தான் வரும்.

கேட்டவர்: ஐயோ, அதைத்தான் தள்ளிவிட்டேன்! சரி, முதலிலிருந்து பார்க்கிறேன்.