ஸ்டென்ட் விரியாமல் நின்ற அனுபவம் யாருக்காவது உண்டா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு வயது 68, சர்க்கரை 20 வருடமாக. எல்.ஏ.டி. குழாயில் (இதயத்தின் முன்பக்க முக்கிய ரத்தக்குழாய்) 90 சதவீத அடைப்பு. ஸ்டென்ட்தானே, குழாயை விரித்துப் பிடிக்கும் குட்டிக் கம்பி வலை, சீக்கிரம் முடிந்துவிடும் என்று வெளியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அப்புறம் டாக்டர் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஸ்டென்ட் வைக்கும் முன் அடைப்பை விரிக்க விட்ட பலூன் இரண்டு முனையிலும் புடைத்து, நடுவில் ஒடுங்கி, அசல் உடுக்கை மாதிரி நின்றது. 20 அட்மாஸ்பியர் அழுத்தம் கொடுத்தும் அந்த இடுப்பு அசையவில்லை. (கார் டயருக்கு அடிப்பதே இரண்டு சொச்சம்தான்!) "இது வெறும் கொழுப்பு இல்லை தம்பி, கால்சியம். உடைக்காமல் வைத்தால் ஸ்டென்டும் இப்படித்தான் நிற்கும்" என்றார். வைரத்தூள் பதித்த குட்டிக் குமிழை நிமிடத்துக்கு சுமார் 1,50,000 சுற்று சுழலவிட்டு அரைத்தார்கள். அதற்குப் பிறகு ஸ்டென்ட் விரிந்தது. பில்லும்தான்.

கேத்லேப்காரன்:
உடைத்தது நல்லது. 3 மி.மீ. குழாயில் ஸ்டென்ட் 2.4 வரைதான் விரிந்தது என்றால் கேட்க சின்ன வித்தியாசம். ரத்தம் ஓடும் குறுக்குவெட்டுப் பரப்பில் 36 சதவீதம் போச்சு. சுவரோடு ஒட்டாத கம்பிக்குப் பின்னால் ரத்தம் நேராக ஓடாது, மெதுவாகச் சுழலும். வாய்க்கால் வளைவில் வண்டல் தேங்குமே, அதுபோல அங்கே தட்டணுக்கள் சேர்ந்து உறையலாம். குழாய் கிளை பிரியும் இடத்தில் முதலில் கொழுப்பு படிவதற்கும் இந்த மந்த ஓட்டம் ஒரு காரணம். சாதாரண ஆஞ்சியோ படத்தில் இது சரியாகத் தெரியாது. ஐவஸ் என்று குழாய்க்குள்ளேயே விட்டுப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. எனக்குக் கேட்டால், கால்சியம் இருக்கும் கேஸில் அது இல்லாமல் முடிக்கவே கூடாது.

மச்சான்கவலை:
என் மச்சானுக்கு நேர்மாறு. முதல் நாள் அருமையாக விரிந்தது. ஆறு வருடம் கழித்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பார்த்தால், ஸ்டென்டுக்குள்ளேயே புதிதாகக் கொழுப்பு படிந்திருக்கிறது. "கம்பி வெச்சாச்சே" என்று கொலஸ்ட்ரால் மாத்திரையை அவராகவே நிறுத்தியிருக்கிறார், மனுஷன். இந்தத் தடவை மருந்து தடவிய பலூனால் சரிசெய்தார்கள். வைகைக்கரை, அப்பா இப்போது எப்படி?

வைகைக்கரை:
தெருமுனை டீக்கடை வரை நெஞ்சு இறுக்கம் இல்லாமல் நடக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் கிளோபிடோக்ரலும் ஓடுகிறது. லேசாக இடித்தாலே கை கன்றிப்போவதால் ஒன்றை நிறுத்தச் சொல்லிப் பெரியப்பா தினமும் போன் போடுகிறார். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் பெரியப்பாவையே கூட்டிப்போகிறேன்.